ஏர்போர்ட்டு அண்ணன்

எங்கள் தெருவில் யாருக்காவது விசா வந்துவிட்டது என்றால், அன்று சாயங்காலமே அவர் வந்துவிடுவார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, அக்குளில் இடுக்கிய நீள நோட்டோடு உள்ளே வந்து உட்காருவார். தண்ணீர் கொடுத்தால் குடிக்க மாட்டார்.

"அதெல்லாம் அப்புறம். ப்ளேனு எத்தினி மணிக்கு?"

மணியைச் சொன்னதும் கண்ணை மூடிக்கொள்வார். பீங்கான் கம்பெனியில் முப்பது வருஷம் சூளைக்கு முன்னால் நின்று தீ பார்த்த மனுஷன் அவர். ஈரம் காயாத பொம்மையை அவசரமாகச் சூடேற்றினால் உள்ளேயே வெடித்துப் பக்கத்துப் பொம்மையையும் கெடுத்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்ற வேண்டும். சூளைக்கு வைத்த அந்தக் கணக்கை அவர் ஜனங்களுக்கும் வைத்தார். கண்ணைத் திறக்கும்போது, "சாயங்காலம் நாலரைக்கா? அப்ப காலையில ஆறு மணிக்கு வண்டி வாசல்ல நிக்கணும்" என்பார். விருத்தாசலத்திலிருந்து திருச்சி ஏர்போர்ட்டுக்கு மிஞ்சிப்போனால் மூன்று மணி நேரம். அதை அவரிடம் யாரும் சொல்வதில்லை. சொன்னால் நோட்டைத் திறந்துவிடுவார்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் ரேஷன் கார்டில் இருக்கிறது. தெருவில் எல்லாருக்கும் அவர் ஏர்போர்ட்டு அண்ணன். அந்தப் பேருக்குத் தகுந்த மாதிரி அவர் ஒரு தடவைகூட ப்ளேன் ஏறினதில்லை. கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் வரைக்கும்தான் அவர் ராஜ்ஜியம். அதற்கு அந்தப் பக்கம் நடப்பதையும் விடமாட்டார். ஊருக்கு வந்திருப்பவர்களை டீக்கடையில் மடக்கி உட்காரவைத்துக் கேட்டுக் கேட்டு எழுதி வைத்திருந்தார். எங்கே திரும்ப வேண்டும், எங்கே பெல்ட்டைக் கழற்ற வேண்டும், எந்த இடத்தில் தண்ணீர் குடிக்கலாம் என்று எல்லாம் அந்த நோட்டில் இருக்கும்.

அவர் மனைவியை நாங்கள் அண்ணி என்போம். அண்ணி ஒரு நாள் என் வீட்டில் வந்து சொன்னார்: "இந்த ஆளு கட்டில்ல இருந்து எறங்குறதுக்கும் ரூட்டு போடுவாரு. எந்தக் கால மொதல்ல வைக்கிறதுன்னு யோசிக்கிறதுக்குள்ள எனக்கு காபி ஆறிப்போவுது."

எதிர் வீட்டில் டைல்ஸ் போடுகிறவர் ஒருத்தர் குவைத்துக்குப் போனார். ஒரு ஆள் போக, வழியனுப்ப ஒரு வேன் நிறைய ஜனம். எங்கள் பக்கம் அதுதான் வழக்கம். தனியாக ஏர்போர்ட்டுக்குப் போகிறவனைப் பார்த்தால் வீட்டோடு சண்டை போட்டுக்கொண்டு போகிறான் என்று நினைப்பார்கள். வேனுக்குப் பின்னால் காலியாக ஒரு கார். வேன் நின்றுபோனால் ஏறிக்கொள்ள. அதை அவர் மாத்து வண்டி என்பார். எல்லாரும் போய் இறங்கினபோது அந்த ப்ளேனுடைய பேரே போர்டில் ஏறவில்லை. வாசலில் நின்ற காவல்காரர், "ஐயா, இது நாளைக்கு வரவேண்டிய கூட்டமா?" என்று கேட்டாராம். வேப்ப மரத்தடியில் பாய் விரித்து, புளிச்சோறு சாப்பிட்டு, படுத்துத் தூங்கி எழுந்தார்கள். கடைசியில் பெட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகிற நேரம். டைல்ஸ்காரருடைய அம்மாவுக்கு அத்தனை நேரம் காத்திருந்ததில் அழுகையே வரவில்லை. அண்ணன் நோட்டைப் பார்த்தார். 'அழுகை, பத்து நிமிஷம்' என்று எழுதி வைத்திருந்தார்.

"அக்கா, நேரம் ஆவுது. இப்பவே அழுதுக்குங்க. அப்புறம் உள்ள போனா திரும்பி வரமாட்டான்."

அந்த அம்மா சிரித்துவிட்டது. மகனைச் சிரித்துக்கொண்டே அனுப்பி வைத்த முதல் தாயார் எங்கள் தெருவில் அவர்தான்.

ராகு காலத்தில் அவருக்கு ஒரு பெரிய சந்தேகம் இருந்தது. ஒரு நாள் என்னையும் கூட்டிக்கொண்டு பழமலைநாதர் கோயிலுக்குப் போய், தீபாராதனை முடிகிற வரைக்கும் கையைக் கட்டி நின்று, குருக்களிடம் கேட்டார்.

"சாமி, ப்ளேனு இங்க ராகு காலம் முடிஞ்சி கிளம்புது. துபாய்ல மணி நம்மளவிட ஒன்றரை மணி நேரம் பின்னால. அப்ப அங்க ராகு காலம் இன்னும் முடியலன்னு தானே அர்த்தம்? நடுவுல பறக்கிற ஜனத்துக்கு எந்த ஊரு கணக்கு?"

சிரிக்காதீர்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. குருக்கள் கையிலிருந்த மணியைக் கீழே வைத்தார். "சமுத்திரத்துக்கு மேல போறவாள ஈஸ்வரன் பாத்துப்பார். நீங்க வழி விடுங்கோ, பின்னால நிக்கறா" என்றார். அண்ணன் வெளியே வந்ததும் பிரகாரத்தில் உட்கார்ந்து நோட்டில் எழுதினார்: 'கடல் மேல் ராகு இல்லை.'

இப்போது அவர் எங்கள் தெருவில் இல்லை. மகன் ஓசூரில் வீடு வாங்கி இரண்டு பேரையும் அழைத்துப் போய்விட்டான். தெருவில் இப்போதெல்லாம் ஜனங்கள் போனில் கார் சொல்லி, மூன்று மணி நேரத்துக்கு முன்னால் கிளம்பி, நல்லபடியாகவே போய்ச் சேருகிறார்கள். அதைப் பார்க்கும்போது எனக்கு என்னவோ ஒழுங்கில்லாத வேலை மாதிரி இருக்கிறது.

அவரை நான் மறக்க முடியாதது என் பெரிய பெண் விஷயத்தில்தான்.

என் மாப்பிள்ளைக்குத் துபாயிலிருந்து இரண்டு மணி நேரம் பாலைவனத்துக்குள் போனால் வருகிற ஒரு ஊரில் வேலை. பெண்ணும் அங்கேதான். தலைப்பிரசவம். ஊருக்கு வந்துவிடு என்றோம். டாக்டர் ப்ளேனில் போகக்கூடாது என்று சொல்லிவிட்டார். மாப்பிள்ளைக்கு அம்மா இல்லை. அவருக்கு மாறி மாறி ஷிப்டு. அந்த மணல்காட்டில் வலி எடுத்தால் பக்கத்தில் கையைப் பிடிக்க ஒரு பொம்பளை கிடையாது. அதனால் என் மனைவி போக வேண்டும் என்று முடிவாயிற்று. கடலூருக்கே தனியாகப் பஸ் ஏறாதவள். டிக்கெட் கிடைத்த நாளுக்கும் டாக்டர் சொன்ன நாளுக்கும் நடுவில் நான்கே நாள். இதை விட்டால் அடுத்த டிக்கெட்டுக்கு ஒரு வாரம் என்றார்கள்.

அண்ணன் அன்று சாயங்காலம் வந்தார். முதலில் மாப்பிள்ளையைப் போனில் பிடித்தார். படம் தெரிகிற மாதிரி வைக்கச் சொன்னார்.

"மாப்ள, ஏர்போர்ட்டுல இருந்து உங்க ஊருக்கு வர்ற ரோட்டுல காத்தடிச்சா மணல் ஏறிக்குமாமே?"

"எப்பவாச்சும் ஏறும் மாமா."

"வண்டியில மம்பட்டி வச்சிருக்கீங்களா?"

"மம்பட்டியா? இல்லீங்களே."

"வாங்கி வைங்க. ஒரு கொடம் தண்ணி. மாத்து வண்டிக்கு யாரையாச்சும் சொல்லி வைங்க. எங்க தங்கச்சி வயசானவங்க, மணல்ல எறங்கித் தள்ள முடியாது."

மாப்பிள்ளை சரி என்று சொல்லிவிட்டு, பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மாமா, இங்க ரோடு நம்ம ஊரு ரோட்டவிட நல்லா இருக்குது" என்றார். நான் அதை அண்ணனிடம் சொல்லவில்லை.

அடுத்த சிக்கல் பஞ்சாங்கம். ப்ளேன் கிளம்புகிற நாள் அஷ்டமி. ப்ளேன் கம்பெனிக்கு அது தெரியவா போகிறது? என் மனைவி முகம் வாடிவிட்டது. தலைப்பிரசவத்துக்குப் போகிற பயணம், அஷ்டமியில் வீட்டை விட்டு இறங்குவதா? அண்ணன் தொடையைத் தட்டினார்.

"அதுக்குத்தான் பரஸ்தானம்னு ஒண்ணு பெரியவங்க வச்சிருக்காங்களே."

போகிற நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்னால் ஒரு நல்ல நாள், நல்ல நேரம் பார்த்து, பயணத்துக்கு எடுத்துப் போகிற பொருள் ஒன்றை அடுத்தவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். அதோடு பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. கிளம்புகிற நாளில் அதை அங்கிருந்தே எடுத்துக்கொண்டு போய்விடலாம். திரும்ப நம் வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. இது எல்லாரும் செய்கிறதுதான். சாதாரணமாக ஒரு புடவையோ துண்டோ வைப்பார்கள். அண்ணனுக்கு அது போதவில்லை.

"ஒரு பழைய துணிய வச்சிட்டு பயணம் கிளம்பிடுச்சின்னா தெய்வம் ஏமாறுமா? எது இல்லாம போக முடியாதோ அதத்தான் வைக்கணும்."

எது இல்லாமல் போக முடியாது? பாஸ்போர்ட்டு, விசாத்தாள், டிக்கெட்டு. மூன்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு, இரண்டு நாள் முன்னாடி காலையில் நல்ல நேரத்தில் அவர் வீட்டுப் பூஜை அறையில் பித்தளைத் தாம்பாளத்தில் வைத்தோம். அண்ணி சூடம் காட்டினார். நான் மனதார விழுந்து கும்பிட்டேன். அந்தப் பை எனக்கு அன்றைக்குச் சாமி மாதிரியே இருந்தது.

கிளம்புகிற அன்றைக்கு ஆறு மணிக்கு வேன் வந்தது. வண்டியில் பதினான்கு பேர். அண்ணன் டிரைவரைக் கீழே இறக்கி, முதல் நாள் என்ன சாப்பிட்டார், எத்தனை மணிக்குத் தூங்கினார் என்று விசாரித்தார். டயரைத் தட்டிப் பார்த்தார். நோட்டை விரித்து ஒவ்வொன்றாகப் படித்தார். ஊறுகாய், பிரசவ மருந்து, வசம்பு, பழைய வேட்டித் துணி, பருப்புப் பொடி, விபூதி. நாற்பது சாமான்களுக்கு மேல். ஒவ்வொன்றையும் என் மனைவி தொட்டுக் காட்ட வேண்டும். தொட்டாள், டிக் அடித்தார். கொளஞ்சியப்பர் கோயில் வாசலில் தேங்காய் உடைத்துவிட்டு வேப்பூர் ரோட்டில் ஏறினோம். மாத்து வண்டி பின்னாலேயே வந்தது.

தொழுதூருக்கு முன்னால் ஒரு ஓட்டலில் நிறுத்தினார்கள். அண்ணன் கணக்கில் அது 'இட்லி, இருபத்தைந்து நிமிஷம்'. எனக்கு எதிரே அவர் இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தார். என் மனைவி பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள்.

"ஏண்ணே, நம்ம மஞ்சப்பை எங்க இருக்குது?"

"பாஸ்போர்ட்டு தானே? பயப்படாத தங்கச்சி." இடது கையால் நோட்டைத் திறந்து காட்டினார். "பாரு. முந்தாநாளே டிக் அடிச்சிட்டேன். பாஸ்போர்ட்டு, புறப்பட்டாச்சு."

"புறப்பட்டு எங்கண்ணே போச்சு?"

"எங்க வூட்டுக்கு" என்றார்.

சொன்ன வாய் அப்படியே திறந்திருந்தது. மற்ற சாமான்களெல்லாம் அன்றைக்குக் கிளம்ப வேண்டியவை. அதனால் பட்டியலில் இருந்தன. இது ஏற்கெனவே கிளம்பிவிட்ட சாமான். கிளம்பிவிட்டதை எதற்கு மறுபடி சரிபார்ப்பது? அவர் மட்டுமா? நானும் அப்படித்தான் இருந்தேன். வேன் அவர் வீட்டைத் தாண்டித்தான் வந்தது. பூட்டிய கதவைப் பார்த்து நாங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அண்ணி இடுப்பிலிருந்து சாவியை உருவி இலைக்குப் பக்கத்தில் வைத்தார். "ரெண்டு நாளா அது எங்க பூஜை ரூம்ல ஒக்காந்திருக்குது. காலையில பூ வேற வச்சேன். நாப்பது சாமான தொட்டுக் காட்டச் சொன்ன மகராசரே, அத யாரு தொடறது?"

என் மனைவி எழுந்தாள். "நானே போயி எடுத்தாறேன், திருப்புங்க வண்டிய."

அண்ணன் குறுக்கே நின்றார். கை கழுவவில்லை. "வேணாம் தங்கச்சி. நீ வூட்டுப் பக்கம் திரும்பவே கூடாது. நீ போய்க்கிட்டே இரு. நான் கொண்டாறேன்." சாவியை எடுத்துக்கொண்டு மாத்து வண்டியில் ஏறினார். அந்த வண்டி அவர் காலத்தில் முதல் தடவையாக உபயோகப்பட்டது.

நாங்கள் திருச்சி போய்ச் சேர்ந்தோம். கண்ணாடிக் கதவுக்கு வெளியே பெட்டிகளை அடுக்கி, அதன் மேல் என் மனைவி உட்கார்ந்தாள். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. மூன்றரை மணிக்குக் கவுண்டரை மூடிவிடுவார்களாம். பெண் போன் செய்தாள்.

"அம்மா உள்ள போயிட்டாங்களாப்பா? எனக்கு காலையில இருந்து இடுப்பு ஒரு மாதிரி இருக்குதுப்பா."

"போய்க்கிட்டே இருக்காங்கம்மா" என்றேன். பொய்தான். சுவாமி மன்னிக்கட்டும்.

ஒரு மணிக்கு அண்ணனுடைய போன் வந்தது.

"தம்பி, பை கெடச்சிடுச்சு. வண்டிதான் பத்து மணிக்கே வேப்பூர் கூட்ரோட்டுல நின்னுபோச்சு. இந்தா ஆயிடும், இந்தா ஆயிடும்னு இவ்ளோ நேரம் போயிடுச்சு. டிரைவரு பானெட்ட தொறந்தவரு தொறந்தவருதான்."

வேனுக்கு அத்தனை பரிசோதனை செய்தவர் மாத்து வண்டியின் டயரைக்கூடத் தட்டிப் பார்த்ததில்லை. மாத்து வண்டிக்கு ஒரு மாத்து வண்டியும் வைக்கவில்லை.

"பஸ்ஸுல ஏறுங்கண்ணே!"

"ரெண்டு பஸ்ஸு பாலத்து மேலயே போயிடுச்சு தம்பி, கீழ எறங்கல. அதான் ஒரு கார்ல பைய குடுத்து அனுப்பிச்சிட்டேன். அவங்களும் ஏர்போர்ட்டுதான் போறாங்க."

"யாருண்ணே அவங்க?"

"தெரியாது."

"பேரு?"

"கேக்கல."

"போன் நம்பராச்சும் வாங்குனீங்களா?"

"சாம்பல் கலரு காரு தம்பி" என்றார்.

"நீங்களும் கூட ஏறி வந்திருக்கலாம்ல?"

"எங்க ஏறுறது? துபாய்ல இருந்து வர்ற ஒரு ஆளக் கூட்டியாறதுக்கு ஒம்போது பேரு போறாங்க."

போனை வைத்துவிட்டு நான் தலையில் கை வைத்தேன். டிரைவர் ராத்திரி என்ன சாப்பிட்டார் என்று கேட்டு எழுதிக்கொள்கிற மனுஷன், என் குடும்பத்தின் பாஸ்போர்ட்டைப் பேர் தெரியாதவர்கள் மடியில் வைத்து அனுப்பிவிட்டார். உலகத்தில் சாம்பல் கலர் கார் எத்தனை என்பதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். இரண்டு மணி ஆயிற்று. இரண்டரை ஆயிற்று. ஒவ்வொரு காருக்கும் நாங்கள் பன்னிரண்டு பேரும் ஓடினோம். ஒரு டாக்டர் குடும்பம் எங்களைப் பார்த்துக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டது. என் மனைவி மட்டும் பெட்டியை விட்டு எழவில்லை. "வரும்" என்று ஒரு தடவை சொன்னாள். அவ்வளவுதான்.

மூன்று மணி தாண்டி ஒரு கார் வந்து நின்றது. கதவைத் திறந்ததும் ஒருத்தர் மேல் ஒருத்தராக ஜனம் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். கடைசியாகக் கறுப்பு முக்காடு போட்ட ஒரு அம்மா இறங்கினார். இரண்டு கையாலும் மஞ்சப்பையை நெஞ்சோடு பிடித்திருந்தார்.

"யாரும்மா பிரசவம் பாக்கப் போறது?"

என் மனைவி எழுந்து நின்றாள். அந்த அம்மா பையை அவள் கையில் வைத்து மூடினார். "நடு ரோட்டுல கைய விரிச்சிக்கிட்டு நின்னாரும்மா அந்த ஐயா. அழுதுக்கிட்டேதான் விஷயத்தச் சொன்னாரு. பைய என் மடியில போட்டுட்டு ஓடிட்டாரு, நாங்க வேணாம்னு சொல்லிடுவோமோன்னு. போம்மா, புள்ள நல்லபடியா பொறக்கும்."

என் மனைவி திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். கவுண்டரில் அவள்தான் கடைசி ஆள். அவள் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் பேத்தி பிறந்தாள், பாட்டி கையைப் பிடித்துக்கொண்டிருக்க. அதைச் சொன்னால் தனியாக ஒரு புத்தகம் ஆகும்.

ப்ளேன் மேலே ஏறுகிற வரைக்கும் நின்று கும்பிட்டோம். பிறகு டீ குடித்தோம். அந்த முக்காடு போட்ட அம்மாவின் மகன் வெளியே வந்ததையும் பார்த்துவிட்டு, அவர்கள் கொடுத்த பேரீச்சம்பழத்தைத் தின்றுகொண்டே வேனில் ஏறினோம். பெரம்பலூர் தாண்டினதும்தான் அண்ணி கேட்டார்.

"ஏம்பா, எங்க வூட்டுக்காரருக்கு யாராச்சும் போன் பண்ணீங்களா?"

ஒருத்தரும் பண்ணவில்லை. அவரும் பண்ணவில்லை. சாதாரணமாக ஒரு பயணத்துக்கு நாற்பது தடவை போன் பண்ணுகிறவர். நான் போனை எடுத்தேன். அண்ணி தடுத்தார். "வேணாம். நேர்லயே போயிக்கலாம். இந்நேரம் அந்த மனுஷனுக்கு கேக்கவே பயமா இருக்கும்."

வேப்பூர் கூட்ரோட்டில் விளக்கு போட்டுவிட்டார்கள். மாத்து வண்டி வாயைத் திறந்தபடி ஓரத்தில் நின்றது. டிரைவர் உள்ளே தூங்கினார். அண்ணன் ஒரு ஓட்டல் வாசலில் விளக்குக் கம்பத்தடியில் நின்றிருந்தார். எங்கள் வேனைப் பார்த்ததும் நாலு எட்டு வந்தார், நின்றார், மறுபடி வந்தார். ஜன்னல் பக்கம் வந்தார். திட்டுவதற்கு நான் திருச்சியிலிருந்தே நாலு வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். எல்லாவற்றையும் விழுங்கிவிட்டேன்.

அவர் ஆள்காட்டி விரலை நீட்டி முன் சீட்டிலிருந்து எண்ண ஆரம்பித்தார். என்னை எண்ணினார், அண்ணியை எண்ணினார். பன்னிரண்டில் விரல் நின்றது. நம்பிக்கை இல்லை. அந்தப் பக்கம் சுற்றிப் போய் கடைசிச் சீட்டிலிருந்து மறுபடி எண்ணினார். பன்னிரண்டுதான். கதவைத் திறந்து, குனிந்து, சீட்டுக்கு அடியிலேயும் பார்த்தார்.

"தங்கச்சி இல்ல" என்றார். பிறகு ரோட்டுப் பக்கம் திரும்பிச் சத்தமாகவே கத்தினார். "தங்கச்சி வண்டியில இல்ல!"

ஓட்டல்காரர் பதறிப்போய் கரண்டியோடு ஓடி வந்தார். "என்னங்க ஐயா, யாராச்சும் காணாம பூட்டாங்களா?"

"ஆமாம்பா!" அண்ணன் அவருடைய இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. "போயே போயிட்டாங்க!"